குணச்சித்திர நடிகர் டேவிட் ஆபிரகாம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அமைந்துள்ள ஊர்களிலே வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைப் பயிற்றும் அண்ணாவிமார் பலர் அக்கலையைத் தம் தந்தையரிடத்தோ மாமன்மாரிடத்தோ பெற்றவராவர். சலங்கை கட்டுதற்கு முன்னரே தாளக்கட்டு அவர்தம் செவியிற் படிந்துவிடுகின்றது. களரியில் எவ்வாறு அடியெடுத்து வைப்பது என்பதை ஆசிரியர் சொல்லுமுன் கண் கற்றுக்கொள்கின்றது. குடிவழி வந்த கலையின் இயல்பு இதுவாகும். இவ்வியல்பு நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. கிழக்கு ஐரோப்பிய யூத மக்களின் வீட்டுமொழியாகிய இத்திஷ் மொழியிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த நாடக அரங்கும் பெரும்பாலும் குடும்பங்களாலேயே வளர்க்கப்பட்டது.

அக்குடும்பங்களுள் தலையாயது அட்லர் குடும்பம். ஒடெசா நகரிற் பிறந்து நியூயோர்க்கிலே பெரும்புகழ் ஈட்டிய யாக்கோபு அட்லர் (1855 - 1926), விபுலாநந்த அடிகளார் செகசிற்பியார் என்று பெயரிட்டு அழைத்த ஆங்கில நாடகப் பேராசிரியரின் ஷைலொக் பாத்திரத்தை 1903 ஆம் ஆண்டிலே ஆங்கில அரங்கில் ஏற்று நடித்தார். ஏனைய நடிகர் யாவரும் ஆங்கிலத்திற் பேச, அவர் ஒருவர் மாத்திரம் தம் தாய்மொழியாகிய இத்திஷிலேயே பேசினார். அவர் மக்களுள் ஸ்டெல்லா நடிப்புக்கலை ஆசிரியையாகி மார்லன் பிராண்டோவைப் பயிற்றினார். லூதர் (1903 - 1984) மேடையிலே தலைமைப் பாத்திரங்களையும், திரைப்படத்திலே பெரும்பாலும் துணைப் பாத்திரங்களையும் ஏற்றார். இந்த லூதர் அட்லர் 1951 ஆம் ஆண்டில் வெளிவந்த இரு படங்களிலே ஹிட்லராக நடித்தவர் என்பது பலரும் அறியாத செய்தி. தம் இனத்தை அழிக்க முற்பட்டவனின் உருவத்தைத் தாமே தாங்கி நிற்றற்கு எத்துணை மனவலிமை வேண்டும் என்பதைக் கற்றோர் எண்ணிப் பார்த்தல் தகும்.

இந்திய நாட்டிலும் யூத குலத்திற் பிறந்த குணச்சித்திர நடிகர் ஒருவர் நாற்பதாண்டுக்கு மேலாகத் திரைப்படத்துறையில் விளங்கினார். டேவிட் ஆபிரகாம் செவுல்கர் என்பது அவர்தம் முழுப்பெயர். லூதர் அட்லருக்கு வாய்த்தது போன்ற நாடகக் குடும்பம் அவருக்கு வாய்க்கவில்லை. தமிழ்நாட்டிலே சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் நடத்திய பாலர் நாடக சபைகள், வீட்டை விட்டு வந்த சிறுவர்க்குக் குடும்பமும் கல்லூரியுமாக அமைந்தன; டி. கே. எஸ். சகோதரர் அவ்வழி வந்தவரே. அத்தகைய சபையும் டேவிட்டுக்கு இல்லை. பல்கலைக்கழகப் பட்டத்தோடு, வயது முதிர்ந்த பின்னரே அவர் நடிப்புத் துறைக்கு வந்தார். எனினும், குடும்பம் இன்றி வந்த அவரையே இந்தித் திரைப்படம் எல்லார் குடும்பத்துக்கும் சித்தப்பனாகவும் மாமனாகவும் ஆக்கியது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராயுமிடத்து, அவர்தம் குலத்தின் வரலாற்றையும் ஓரளவு அறிதல் வேண்டும்.

பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்த யூதர், தம்மைப் பெனே இஸ்ரவேலர், அஃதாவது இஸ்ரவேலின் மைந்தர் என அழைத்தனர். மிகப் பழைய காலத்திலே தம் முன்னோர் வந்த மரக்கலம் அக்கரையோரத்தில் உடைந்ததென்றும், ஏழு ஆடவரும் ஏழு பெண்டிருமே உயிர்தப்பினர் என்றும், அவர்தம் வழித்தோன்றல்களே தாமென்றும் அவர் கூறுவர். இச்செவிவழிச் செய்தியின் காலத்தை வரலாற்றாசிரியர் உறுதிசெய்திலர். ஐயத்துக்கு இடமற்ற செய்தி ஒன்று உண்டு. அவர்கள் கொங்கண ஊர்களிலே செக்காட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்தனர். சனிக்கிழமையிலே செக்கை நிறுத்தி ஓய்ந்திருந்தனர். அதுபற்றி அயலவர் அவர்களைச் சனிக்கிழமைச் செக்கார் என்று வழங்கினர். வீட்டிலே பேசிய மொழி மராத்தி. ஊர்ப் பெயரோடு 'கர்' என்னும் விகுதியைச் சேர்த்துக் குடும்பப் பெயர் அமைப்பது மராத்தியர் மரபு. அதனை இவர்களும் கைக்கொண்டனர். செவுல் என்பது பண்டைக்காலத்திலே புகழ்பெற்றிருந்த ஒரு துறைமுகம். செவுல்கர் என்றால் அவ்வூரார் என்பது பொருள். பின்னர் இவர்களுட் பலர் பம்பாய் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அவர்தம் முதல் வழிபாட்டு மன்றம் 1796 ஆம் ஆண்டிலே கட்டப்பட்டது.

இக்குலத்தாரிடையே 1880 ஆம் ஆண்டளவில் எழுந்த ஒரு கலைவழக்கு ஈண்டுச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. மராத்தி நாட்டு இந்துக்களின் கீர்த்தனம் என்னும் கதாகாலட்சேப முறையை இவர்கள் மேற்கொண்டு, ஆபிரகாம், யோசேப்பு முதலியோரின் வரலாறுகளை மராத்திப் பாட்டும் உரையுமாக மக்கள் முன்னிலையிற் கூறி வந்தனர். நம் கோயில்களிலே புராணபடனமும் கதாப்பிரசங்கமும் கேட்டுப் பழகியோர்க்கு இதன் தன்மை எளிதில் விளங்கும். சமயம் வேறாயினும் கதைசொல்லும் முறை அயலவரிடம் பெற்றதே. சிறு குடியினர் பெருங்கூட்டத்தின் நடுவே வாழ்கையில், தம் வேதத்தை விடாது காத்துக்கொண்டே அயலவரின் தாளத்துக்கு இசைய நடக்கக் கற்றுக்கொள்கின்றனர். புளியந்தீவிலும் அதன் அயலிலும் வாழும் பறங்கியர் போர்த்துக்கேயச் சாயலுடைய தம் வீட்டுமொழியையும் கபரிஞ்ஞா ஆட்டத்தையும் பேணிக்கொண்டே தமிழையும் தம் மொழிபோற் பேசிப் பழகியதைக் கண்டவர்க்கு இது புதுமையன்று.

திரைப்படத்துறைக்கு யூதர் வந்த வழியும் தனித்தன்மை உடையது. பேசாப் படக் காலத்திலே இந்து, முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் படக்கருவியின் முன் நிற்றலை இழுக்கெனக் கருதினர். அவ்விடத்தை நிரப்பியவர் யூதரும் ஆங்கில இந்தியருமாகிய பெண்களே. தொலைபேசி நிலையத்திலே பணியாற்றிய ரூபி மையர்ஸ் என்னும் நங்கை சுலோசனா எனப் பெயர் பூண்டு, 1920 களிலே இந்தியாவின் முன்னணி நட்சத்திரமானார். 1927 இல் வெளிவந்த ஒரு படத்திலே அவர் எட்டு வேடங்கள் தாங்கினார். 1931 இல் பேசும்படம் வந்தபோது, இந்துஸ்தானி மொழி சரளமாக வாராமையால் சில காலம் பின்தங்கி, மொழியைப் பயின்று மீண்டார். அம்முதற் பேசும்படமாகிய 'ஆலம் ஆரா', ஜோசப் டேவிட் என்னும் பெனே இஸ்ரவேலர் பார்ஸி நாடகமேடைக்கு எழுதிய நாடகத்தினின்றும் எடுக்கப்பட்டது. கல்கத்தாவிலிருந்து வந்த எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம் என்பார், பார்ஸி நாடகக் குழுவொன்றிலே, படச்சுருள் மாற்றும் இடைவேளைகளில் ஆடி அவையோரை மகிழ்வித்தவர். பிரமிளா என்னும் பெயரில் நடிகையாகி, 1947 இல் முதலாவது இந்திய அழகியாகத் தெரிவு செய்யப்பட்டார். அவர் தங்கையும் நடிகை. மகன் ஹைதர் அலி 1986 இல் ஒளிபரப்பான 'நுக்கட்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர். இந்திய யூதரிடையே நாடகக் குடும்பம் என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டாயின் அது இதுவே எனலாம்.

டேவிட் 1909 ஆம் ஆண்டிலே பிறந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் கலைமாணிப் பட்டம் பெற்றுச் சட்டமும் பயின்றார். உலகெங்கும் தொழில் முடங்கியிருந்த காலம் அது. பட்டம் பெற்றும் வேலை கிடைத்திலது. சில ஆண்டுகள் அலைந்தபின், நடிகராகிய நண்பர் ஒருவரின் துணையால் 1937 இல் 'ஜாம்போ' என்னும் படத்திலே முதல் வாய்ப்பைப் பெற்றார். குறுகிய உருவமும், வழுக்கைத் தலையும், சற்றே பருத்த உடலும் உடையவர் தலைவன் வேடத்துக்கு ஏற்றவர் அல்லர் என்பதை அவரும் அறிந்திருப்பார், படம் எடுத்தோரும் அறிந்திருப்பர். ஆகவே அவருக்கு எஞ்சியது குணச்சித்திரப் பாத்திரமே.

குணச்சித்திர நடிகர் என்னும் தொடரை நாம் எளிதாக வழங்கிவிடுகின்றோம். அதன் பொருளைச் சற்று நின்று நோக்குதல் நன்று. தலைவனாக வருபவன் இன்னான் என்பதை அவன் தோன்றும் முன்னரே அவையோர் அறிவர். சுவரொட்டியும் பாட்டும் அதனை அறிவித்துவிடும். அவனுக்குக் கதை முழுவதும் காலமும் உண்டு. துணைப் பாத்திரம் ஏற்பவனுக்கோ இரண்டு அல்லது மூன்று காட்சிகளே கிடைக்கும். அச்சிறு பொழுதிலே அம்மனிதனின் வயது, தொழில், குடிப்பிறப்பு, பட்ட துயரம், மறைத்து வைத்த ஆசை யாவும் புலப்படுதல் வேண்டும். வசனம் இவற்றைச் சொல்லாது. நடையும், பார்வையும், பேச்சிடையே விடும் இடைவெளியுமே சொல்லும். தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றைத் தனித்து மேலெழச் செய்வது ஓரளவு பயின்றோர்க்கும் கைகூடும். இரண்டு மெய்ப்பாடுகள் ஒரே முகத்தில் ஒன்றனை ஒன்று மறைத்து நிற்கச் செய்வதே அரிது.

அவ்வருமையை டேவிட் காட்டிய படம் 1954 இல் வெளிவந்த 'பூட் பாலிஷ்'. ராஜ் கபூர் தயாரிக்க, பிரகாஷ் அரோரா இயக்கியது. தாய் தந்தையரை இழந்த போலா, பேலு என்னும் அண்ணனும் தங்கையும் கொடியவளாகிய சிற்றன்னையின் வீட்டிலே வளர்கின்றனர். அவள் அவர்களைப் பிச்சையெடுக்க அனுப்புகின்றாள். பம்பாய்ச் சேரியிலே அயலில் வாழும் ஜான் என்பவன், கள்ளச்சாராயம் விற்பவன். அவனே அக்குழந்தைகட்குக் கை நீட்டாதே, உழைத்து உண் என்று போதிக்கின்றான். குழந்தைகள் சிறுகச் சிறுகக் காசு சேர்த்துச் சப்பாத்து மினுக்கும் தூரிகையும் மையும் வாங்குகின்றனர். அறம் உரைப்பவன் சட்டத்தை மீறிப் பிழைப்பவன் என்பதே இக்கதையின் உயிர்நிலை. ஆசிரியனாகவோ துறவியாகவோ அப்பாத்திரம் அமைக்கப்பட்டிருப்பின் அப்போதனை செவியில் ஏறாது.

டேவிட் அப்பாத்திரத்தைத் தூயவனாக்கிக் காட்டவில்லை. தன் வாழ்வு கெட்டுப்போனதை நன்கு அறிந்த ஒருவன், கெடாத இரு உயிர்களைக் கண்டு அடையும் மகிழ்ச்சியும் வெட்கமும் அவர் முகத்திலே ஒருங்கு தோன்றுகின்றன. குழந்தைகளும் அவனும் வினாவும் விடையுமாகப் பாடும் பாடல் இந்திய நாடெங்கும் பரவியது. 1950 களிலே இலங்கை வானொலியின் இந்திச் சேவை அக்காலத்து இந்திப் பாடல்களைத் தெற்காசியா முழுவதற்கும் பரப்பியதை முதியோர் நினைவு கூர்வர். பிறிதொரு காட்சியிலே, சிறைப்பட்ட ஜான் மொட்டைத் தலையர் சூழ இருந்து மன்னா டேயின் குரலில் மேகத்தை வரவேற்றுப் பாடுகின்றான். பார்ப்போர் நகைப்பர். ஆயின் வெளியே அம்மழைதான் அக்குழந்தைகளின் பிழைப்பைக் கெடுக்கப் போகின்றது; சேற்றிலே நடப்போர் சப்பாத்துக்கு மை பூசிக்கொள்வாரோ? நகைச்சுவையின் அடியிலே அவலம் ஓடுகின்றது. படத்தின் பிற்பகுதி தற்செயல் நிகழ்ச்சிகள் மலிந்து கண்ணீருக்காகவே நெய்யப்பட்டதென்பதை மறுத்தற்கில்லை. ஜான் திரையில் நிற்கும் வேளைகளில் அக்குறை தோன்றுவதில்லை.

பிலிம்பேர் இதழ் நிறுவிய விருதுகளுள் சிறந்த துணை நடிகர்க்குரியது முதன்முறையாக 1955 இல் வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர் டேவிட். துணை நடிப்பும் தனித்த பரிசிலுக்கு உரிய கலை என்று அத்துறை ஏற்றுக்கொண்டபோது முதலில் அவர் பெயரே அழைக்கப்பட்டமை பொருத்தமானதே.

பரிசு பெற்றவர் பரிசளிப்பு விழாக்களிலே மேடை அறிவிப்பாளராகவும் பல்லாண்டு விளங்கினார். நகைச்சுவை ததும்ப ஒவ்வொருவரையும் அறிமுகஞ் செய்து அழைப்பதிலே அவருக்கு நிகரானவர் அக்காலத்து இல்லையென்பர். நம் கூத்திலே அரசன் களரிக்கு வருமுன் அவன் வரவைக் கூறி அவையை ஒழுங்குபடுத்துபவன் கட்டியக்காரன். அரசனின் கொலு அவன் இன்றி நிகழாது. எனினும் அரசனைப் பாடும் பாட்டே நினைவில் நிற்கும். கட்டியக்காரனை எவரும் பாடுவதில்லை. திரைப்படத்திலும் மேடையிலும் டேவிட் ஏற்ற பணி பெரும்பாலும் இத்தன்மைத்தே. நடிப்புக்கு அப்பால், பாரந்தூக்கும் விளையாட்டின் வளர்ச்சியிலும் அவர் ஈடுபாடு கொண்டிருந்தார்.

நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் அவர் தோன்றினார். அவற்றுட் பலவற்றிலே அவருக்கு அளிக்கப்பட்டது ஒரே அச்சில் வார்த்த நல்ல மாமன் வேடமே. ஜானைப் படைத்துக் காட்டிய ஒருவரை இருபதாண்டுக்காலம் புன்னகைக்கவே வைத்தது இந்தித் திரையுலகின் சோம்பல் என்றே கூறவேண்டும். அந்த அச்சுக்குள்ளும் நுட்பம் காண இடந்தந்தவர் இயக்குநர் ஹிருஷிகேஷ் முகர்ஜி. 1973 இல் வெளிவந்த 'அபிமான்' படத்திலே, பாடகனாகிய கணவனும் அவனினும் சிறந்த குரலுடைய மனைவியும் திருமண வரவேற்பிலே சேர்ந்து பாடுகின்றனர். எல்லாரும் மகிழ்ந்திருக்க, இசையறிஞராக வரும் டேவிட் ஒருவரே அம்மனைவியின் மேன்மையை உணர்ந்து, இதனால் இவ்வாழ்வுக்குத் தீங்கு நேருமோ என ஐயுறுகின்றார். கதையின் துன்பம் முழுவதும் அம்முகத்திலே முன்னதாக எழுதப்பட்டுவிடுகின்றது. 1975 இல் வந்த 'சுப்கே சுப்கே'யிலே வேடிக்கைச் சூழ்ச்சிக்கு உடன்பட்ட உறவினராக வருகின்றார். 1979 இல் வந்த 'கோல்மால்' படத்திலே, முதலாளியின் விருப்பு வெறுப்புகளை வேலை தேடும் இளைஞனுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் வைத்தியர் அவரே. அக்கதை 1981 இல் கே. பாலசந்தரின் இயக்கத்திலே 'தில்லு முல்லு' எனத் தமிழாயிற்று. அவ்வைத்தியர் வேடத்தைத் தமிழில் ஏற்றவர், மேடை நாடகத்திலும் வானொலியிலும் பயின்ற பூர்ணம் விசுவநாதன். இரண்டையும் பார்த்தோர், ஒரே பாத்திரம் இரு மொழிகளிலே எவ்வாறு இரு வேறு மாமன்மாராகின்றது என்பதை ஒப்பிட்டு மகிழலாம். பாசு சாட்டர்ஜி இயக்கிய 'பாதோன் பாதோன் மேன்' (1979) என்னும் படத்திலே, பம்பாய்க் கத்தோலிக்கக் குடும்பங்களிடையே உலவும் டொம் மாமாவாக, இளையோர் இருவரைச் சேர்த்து வைக்கின்றார்.

அவர் புகழ்பெற்ற வேடங்களை நோக்குமிடத்து, ஜானும் டொமும் கிறித்தவர். 'கோல்மால்' வைத்தியர் இந்து. 1958 இல் பிமல் ராய் இயக்கிய 'யஹூதி' என்னும் படம் பெயராலேயே யூதனைக் குறிப்பது. ஆகா ஹஷ்ர் காஷ்மீரியின் பழைய நாடகத்தைத் தழுவியது. அதிலே எஸ்ரா என்னும் யூதனாகப் பெரும்புகழ் பெற்றவர் சோராப் மோடி. அவர் பார்ஸி மரபினர். யாக்கோபு அட்லர் யூதரின் மொழியிலேயே யூதனாக நின்று ஆங்கில அவையை வென்றார். இந்திய யூதராகிய டேவிட்டுக்கோ, பிறர் குலத்து மாமனாக மாறுவதே தொழிலாயிற்று. இதனை இழப்பென்று கொள்வாரும் உண்டு. ஆனால் ஒருவன் எக்குலத்தான் என்று எவரும் வினவாது அவனைத் தம் வீட்டாருள் ஒருவனாகக் கொள்ளும் நிலை, உலகிலே யூதர்க்கு எளிதிற் கிடைத்ததன்று.

அவர் வாழ்நாளிலேயே அக்குலம் பெரிதும் சிதறியது. 1940 களின் இறுதியிலே இந்தியாவிற் பெனே இஸ்ரவேலர் ஏறத்தாழ இருபதினாயிரவர் இருந்தனர். 1948 இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். இந்திய மண்ணிலே அவர்கள் யூதர் என்பதற்காகத் துன்புறுத்தப்பட்டிலர் என்பதை அவரே பெருமையுடன் கூறுவர். ஆயின் சென்ற இடத்திலே, 1960 களின் தொடக்கத்தில், இவர்கள் உண்மையான யூதர்தாமோ என்னும் வினாவை மதகுருமார் திருமணப் பதிவின்போது எழுப்பினர். அவர்கள் வீதியில் இறங்கி எதிர்ப்புக் காட்டினர். 1964 இலேதான் எவ்வகையிலும் அவர்கள் யூதரே என்பதை அந்நாட்டரசு உறுதிப்படுத்தியது. இந்திய அரசு 1969 இல் டேவிட்டுக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

திரையிலே எண்ணற்ற திருமணங்களை முடித்து வைத்த அவர் தாம் மணஞ் செய்துகொள்ளவில்லை. முதுமையிலே கனடா நாட்டிலிருந்த உறவினரிடஞ் சென்று தங்கி, 1980 களின் தொடக்கத்திலே ரொறன்ரோ நகரிற் காலமானார். அவர் நடித்த படங்களின் பெயர்ப்பட்டியலிலே பெரும்பாலும் 'டேவிட்' என்னும் ஒற்றைப் பெயரே காணப்படும். செவுல் என்னும் ஊர்ப்பெயர் அங்கே எழுதப்படுவதில்லை.